சீசன் தொடங்கும் நேரம் பார்த்து கோப்பி மெசின் படுப்பது ஏன்?

அறுகம்பேயில் சர்ப் சீசன் ஏறத்தாழ ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஒக்டோபரில் முடியும். அந்த மாதங்களில் கரையோரக் கடைகளில் எஸ்பிரஸோ மெசின்கள் விடிந்ததிலிருந்து சீறிக்கொண்டிருக்கும். மாரி வந்தால் கடை பூட்டு, மெசினுக்கு மேல் ஒரு பழைய துணி. அடுத்த சீசனுக்கு ஸ்விட்சைப் போட்டதும் ட்ரிப் விழுகிறது. இல்லாவிட்டால் பம்ப் கத்துகிறது, தண்ணீர் வருவதில்லை. கொழும்புக்குப் போன் எடுத்தால் பல நேரம் வரும் பதில் இதுதான்: "போர்ட் போயிருக்கும், பார்ட்ஸ் வரச் சுணங்கும், புதுசு எடுக்கிறது நல்லம்."

போர்ட் என்பது மெசினை இயக்கும் மின்சுற்றுப் பலகை. இந்தப் பதிலை அப்படியே நம்பத் தேவையில்லை. எஸ்பிரஸோ மெசின் முழுதாகப் பழுதாவது அபூர்வம். பழுதாவது ஒரு ரப்பர் வளையமாகவோ, அடைபட்ட வால்வாகவோ, ஈரம் குடித்த ஹீட்டராகவோ இருக்கும். எது போயிருக்கிறது என்று தெரிந்தால், அது கல்முனையிலேயே தீரும் வேலையா, வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய சாமானா என்பதும் தெரிந்துவிடும்.

மெசினுக்குள் நடப்பது என்ன?

ஏறத்தாழ 18 கிராம் கோப்பித் தூள், 93 பாகை செல்சியஸ் அளவில் வெந்நீர், 9 பார் அழுத்தம், 25 முதல் 30 விநாடி. எஸ்பிரஸோ என்பது இவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் டயருக்கு நாம் அடிக்கும் காற்று சுமார் 2 பார். அதைப்போல் நாலு மடங்குக்கு மேல் அழுத்தத்தில், கொதிக்கப் பக்கத்தில் நிற்கும் தண்ணீரை ஒரு ரப்பர் வளையம் நாள் முழுக்கத் தடுத்து வைத்திருக்கிறது. பழுதுகள் எங்கே வரும் என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது.

தண்ணீர் போகும் வழி இது: தாங்கியிலிருந்து பம்ப், பம்பிலிருந்து பொயிலர், பொயிலரிலிருந்து குரூப். குரூப் என்பது நாம் கைபிடியை மாட்டும் உலோகத் தலை. கைபிடிக்கும் தலைக்கும் நடுவில் இருக்கும் ரப்பர்தான் கேஸ்கட். கோப்பி இறங்கி முடிந்ததும் மிச்ச அழுத்தத்தை வடிகாலுக்குத் திறந்துவிடுவது மூவழிச் சொலினொய்ட் வால்வு. அது மின்சாரத்தில் திறந்து மூடும் சிறு கதவு. பால் நுரைக்கும் ஆவிக்கு, பொயிலருக்குள் 1 முதல் 1.2 பார் அழுத்தத்தில் 120 பாகைக்கு மேல் வெப்பம் நிற்கும்.

எது தேயும், எது போகும்

1. ரப்பர். கைபிடியைப் பூட்டும்போது முன்பு நேரே நின்றது இப்போது வலப்பக்கம் தாண்டிப் போகிறதா? ஓரத்தால் தண்ணீர் சொட்டுகிறதா? கேஸ்கட் காய்ந்துவிட்டது. நெருக்கடியான கடையில் அதன் ஆயுள் ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம். காய்ந்து கல்லாகிப்போன கேஸ்கட்டைக் கத்தியால் நெம்பக்கூடாது, குரூப்பின் உலோகத்தில் கீறல் விழும். ஒரு மர ஆணி ஸ்க்ரூவை ரப்பருக்குள் முறுக்கி, அதைக் குறட்டால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். ஆவிக் குழாயின் கைப்பிடிக்குள் இருக்கும் சின்ன ஓ வளையங்களும் இதே இனம். மூடிய பின்னும் ஆவிக் குழாய் சொட்டினால் அவற்றைப் பாருங்கள்.

2. வால்வு. கோப்பி இறங்கியதும் கைபிடியைக் கழற்றினால் 'புஸ்' என்று தெறிக்கிறதா? மூவழி வால்வு அழுத்தத்தை விடவில்லை என்று அர்த்தம். கோப்பி எண்ணெயும் தூளும் அதற்குள் ஏறி அடைத்திருக்கும். ஓட்டையில்லாத கூடையைப் போட்டு, கோப்பி மெசினுக்கென்று விற்கும் கழுவும் தூளோடு பம்பைப் பத்து விநாடி ஓட்டி நிறுத்தி, அழுக்குத் தண்ணீரைப் பின்பக்கமாக வெளியேற்றுவது கடைகளில் அன்றாட வேலை. அதைச் செய்யாத கடையில்தான் இந்த வால்வு போகிறது. வால்வு தானாகச் சொட்டினால் அது மூடி உட்காரும் இடத்தில் சுண்ணாம்புத் துகள் சிக்கியிருக்கும், கழற்றிக் கழுவினாலே போதும். வால்வை இயக்கும் மின்கம்பிச் சுருள் எரிந்திருந்தால் சுருளை மட்டும் மாற்றலாம். முழு வால்வுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

3. பம்ப். வீட்டு மெசினிலும் சிறிய கடை மெசினிலும் இருப்பது அதிர்வுப் பம்ப். உல்கா என்ற இத்தாலியப் பெயர் அதன் உடம்பிலேயே பல நேரம் அச்சடிக்கப்பட்டிருக்கும். மெசினின் பிராண்ட் எதுவானாலும் உள்ளே இதே பம்ப் இருக்க வாய்ப்பு அதிகம். ஓடும் தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது. அதனால் தாங்கி காலியான பிறகும் ஓடினால் எரிந்துவிடும். பெரிய இரண்டு குரூப் மெசின்களில் தனி மோட்டாரோடு சுழல் பம்ப் இருக்கும். அதுவும் வறண்டு ஓடினால் உள்ளே கார்பன் தகடுகள் உரசிப் போய்விடும். கரண்ட் இருந்து தண்ணீர் இல்லாத நேரம் இரண்டுக்குமே ஆபத்து. தண்ணீர் வெட்டும் மின்வெட்டும் மாறிமாறி வரும் ஊரில் இதை மறக்கக்கூடாது.

4. ஹீட்டர். இதைச் சோதிக்க மல்ட்டிமீற்றரும் ஒரு கணக்கும் போதும். 230 வோல்ட்டை 230ஆல் பெருக்கி, ஹீட்டரின் வாட்டால் வகுத்தால் அதன் தடை வரும். 3000 வாட் என்றால் 17.6 ஓம், 1400 வாட் என்றால் 37.8 ஓம். பிளக்கைக் கழற்றி, ஹீட்டரின் வயர்களையும் கழற்றிவிட்டு அளந்து, இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் ஹீட்டரின் கம்பி அறவில்லை. மீற்றர் அசையாவிட்டால் அறுந்துவிட்டது.

5. போர்ட். உண்மையில் போர்டே போவதும் உண்டு. பல்லி உள்ளே போய்ச் சுடுபட்டுக் கிடக்கும், எறும்பு கூடு கட்டும், உப்புக்காற்றில் கால்கள் பச்சை பிடிக்கும். ஆனால் மேலே உள்ள நாலையும் பார்த்துவிட்டுத்தான் போர்டுக்கு வர வேண்டும். பழுது பார்க்கிறவர்கள் பெரும்பாலும் நேர்மாறாகத் தொடங்குகிறார்கள். போர்டை மாற்றுவது அவர்களுக்குச் சுலபம், விலையும் கூட.

தண்ணீர்க் கணக்கு

கிழக்குக் கரையில் மெசினை அதிகம் கொல்வது தண்ணீர்தான்.

முதலில் சுண்ணாம்பு. கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதைப் பார்க்காதவர் இங்கே இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் கல்சியம் பைகாபனேற், சூடு பட்டதும் கல்சியம் காபனேற்றாக மாறிப் படிகிறது. கேத்தலில் அது அசிங்கம், அவ்வளவுதான். மெசினிலோ அது ஹீட்டரைப் போர்த்திக்கொண்டு வெப்பத்தைத் தண்ணீருக்குப் போகவிடாது. ஹீட்டர் உள்ளுக்குள்ளேயே வெந்து அறும். குரூப்புக்குப் போகும் வழியில் ஒரு மில்லிமீற்றரை விடக் குறுகலான ஜெட் ஒன்று பல மெசின்களில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் காபரேற்றரில் இருக்கும் ஜெட்டைப் போலத்தான். ஒரு துகள் போதும், தண்ணீர் சொட்டுச் சொட்டாகிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. லீற்றருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள கிணற்று நீரை நாளுக்கு 40 லீற்றர் மெசினுக்குள் விட்டால், நாளொன்றுக்கு 12 கிராம் சுண்ணாம்பு உள்ளே போகிறது. மாதத்துக்கு 360 கிராம். எல்லாம் படியாது, பெரும்பகுதி கோப்பியோடு வெளியே போகும். ஆனால் ஆவிப் பொயிலரில் கதை வேறு. அங்கே ஆவி மட்டும் வெளியேறுகிறது, கரைந்தது எல்லாம் உள்ளே தங்குகிறது. உப்பளத்தில் உப்பு எடுக்கிற முறைதான் அது. அதனால்தான் வெந்நீர்க் குழாயை நாளும் திறந்து, பொயிலர்த் தண்ணீரில் ஒரு பங்கை மாற்றச் சொல்கிறார்கள்.

அடுத்தது உப்பு. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் நம் ஊருக்கு இதுதான் முக்கியம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் மணலுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படலம். மாரி மழை அதை நிரப்பும். கோடையில் பம்ப் வைத்து இழுக்க இழுக்கப் படலம் மெலிந்து, அடியிலுள்ள உப்பு மேலே ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உப்பாகிப்போனதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இப்போது சீசனை நினைத்துப் பாருங்கள். மெசின் அதிகம் ஓடும் மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில்தான் கிணறும் மிக மோசமாக இருக்கிறது.

உப்பில் உள்ள குளோரைட் சுண்ணாம்பைப் போல் படியாது, உலோகத்தைத் தின்னும். துருப்பிடிக்காத உருக்கு என்று நம்பி வாங்கிய பொயிலரில் ஊசிமுனைத் துளைகள் விழுவது இதனால்தான். குளோரைட் லீற்றருக்கு 250 மில்லிகிராம் அளவைத் தாண்டினால் நாக்கிலேயே உப்புத் தெரியத் தொடங்கும். மெசினோ அதற்கு வெகு முன்பே பாதிக்கப்படத் தொடங்கிவிடும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடினநீரை மென்மையாக்கும் உப்புப் பில்டர் கல்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கும். குளோரைட்டைத் தொடாது. ஆக, பில்டர் பூட்டியும் பொயிலர் ஓட்டையாகும். உப்புக் கிணறு என்றால், தண்ணீரை மெல்லிய சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ முறை ஒன்றுதான் வழி, அல்லது குழாய்த் தண்ணீர். குழாய்த் தண்ணீர் கிடைக்கும் இடத்தில் கிணற்றைத் தொடவே வேண்டாம். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்புக்கு வருகிறது. குளத்து நீர் பொதுவாகக் கரையோரக் கிணற்று நீரை விட மென்மையானது. குளோரின் வாசத்துக்கு ஒரு கரிப் பில்டர் போதும்.

ஆர்ஓ தண்ணீரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பொயிலருக்குள் தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பது ஒரு உலோகக் கம்பி. தண்ணீர் கம்பியைத் தொட்டு மின்சாரத்தைக் கடத்தினால்தான் 'நிரம்பிவிட்டது' என்று போர்டுக்குத் தெரியும். கனிமம் எதுவுமே இல்லாத தண்ணீர் சரியாகக் கடத்தாது. பம்ப் நிற்காமல் நிரப்பிக்கொண்டே போகும், ஆவிக் குழாயால் தண்ணீர் கொட்டும். இதைக் கண்டு போர்டை மாற்றியவர்களும் இருக்கக்கூடும். ஆர்ஓ தண்ணீரில் கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்தால் தீரும் விஷயம் இது. சிறப்புக் கோப்பிச் சங்கம் சொல்லும் அளவு லீற்றருக்குச் சுமார் 150 மில்லிகிராம் கரைந்த திண்மம். விலை குறைந்த டிடிஎஸ் மீற்றரே அதைக் காட்டிவிடும்.

படிந்த சுண்ணாம்பைக் கரைக்க, ஒரு லீற்றர் வெந்நீருக்கு 20 முதல் 30 கிராம் சிட்ரிக் அமிலம் போதும். அலுமினியப் பொயிலரில் இதை நீண்ட நேரம் விடக்கூடாது. பல வருடம் கழுவாத பெரிய பொயிலரிலும் அவசரப்பட்டு ஊற்றவேண்டாம். உடைந்து வரும் தகடுகள் போய் அந்தச் சின்ன ஜெட்டில்தான் அடைக்கும். அப்படியான மெசினைக் கழற்றித்தான் கழுவ வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் மாதங்கள்

காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ வருடம் முழுக்க ஓடும் கடைக்கு இந்தப் பகுதி தேவைப்படாது. அறுகம்பேக்கும் பாசிக்குடாவுக்கும் இது வேண்டும்.

முதல் தவறு, பொயிலரைத் தண்ணீரோடு விட்டுப் பூட்டுவது. தேங்கிய தண்ணீரில் இருக்கும் உப்பு ஆறு மாதமும் உலோகத்தைத் தின்றுகொண்டிருக்கும், ரப்பர் ஒட்டிப்போகும். கடைசி நாளில் மெசினைச் சூடாக்கி, அணைத்து, ஆவி அடங்கிய பிறகு வடிகால் திருகைத் திறந்து முழுவதும் வடித்துவிட வேண்டும். கேஸ்கட்டைக் கழற்றி வைக்கலாம். கைபிடியை இறுக்கிப் பூட்டி வைப்பது மட்டும் கூடாது, அழுத்திய நிலையிலேயே ரப்பர் உறைந்துவிடும். காற்றுப் போகும் இடைவெளிகளுக்கு நுளம்பு வலைத் துண்டு ஒன்று வைத்துக் கட்டினால் பல்லிப் பிரச்சினை அதோடு சரி.

இனி, சீசன் தொடக்கத்து ட்ரிப். ஹீட்டர் என்பது உலோகக் குழாய்க்குள் ஒரு கம்பி, இரண்டுக்கும் நடுவில் மக்னீசியம் ஒக்சைட் தூள். அந்தத் தூள் ஈரத்தை இழுக்கும். ஹீட்டரின் முனையில் உள்ள அடைப்பு வெடித்திருந்தால், மாரி மாதங்களின் ஈரம் முழுக்க உள்ளே போய்விடும். ஸ்விட்சைப் போட்டதும் கொஞ்சம் மின்சாரம் கம்பியிலிருந்து குழாய்க்குக் கசியும். அதைக் கண்டுபிடித்து ட்ரிப் விழும். ட்ரிப் தன் வேலையைத்தான் செய்கிறது. கம்பி அறவில்லை, தடையை அளந்தால் சரியாகவே காட்டும். மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு ஹீட்டரைக் கழற்றி, ஓவனில் 100 பாகைக்குச் சற்று மேல் சில மணித்தியாலம் காயவைத்து, காப்புத் தடையை மெகர் மீற்றரால் சோதித்தால் பல ஹீட்டர்கள் பிழைத்துவிடும். வயரிங் பாஸ்மாரிடம் மெகர் இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஏர்த் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று உலோக மெசினைத் தொடுகிற தொழில் இது.

சாமான் எங்கிருந்து வருகிறது?

கொழும்பு முகவர்கள் தாங்கள் விற்ற பிராண்டுக்குத்தான் சாமான் வைத்திருப்பார்கள், அதிலும் வேகமாக விற்பதை மட்டும். மட்டக்களப்போ பொத்துவிலோ, கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். ஒரு ஆளை வரவழைத்தால் சாமானை விடப் பயணக்காசு கூட. 2022இல் டொலர் இல்லாமல் இறக்குமதியே திணறியது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. சாமானை முற்பணம் கொடுத்து இறக்கி வைத்திருக்க விற்பனையாளர்கள் தயங்குவதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம்.

ஆனால் ஒரு நல்ல விஷயம் உண்டு. மெசின் கம்பனிகள் பல பாகங்களைத் தாமே செய்வதில்லை. 1961இல் ஃபேமா கம்பனி கொண்டுவந்த ஈ61 மெசினின் குரூப்பை இன்றுவரை பல கம்பனிகள் அப்படியே செய்கின்றன. கைபிடிக் கூடை 58 மில்லிமீற்றர், கேஸ்கட் வெளிவிட்டம் 73, உள்விட்டம் 57, தடிப்பு 8 அல்லது 8.5. இந்த அளவு தெரிந்தால் பிராண்ட் பெயர் தேவையில்லை. அதனால் பாகத்தைக் கேட்கும்போது "இந்த மெசினுக்குப் பம்ப் இருக்கா?" என்று கேட்காமல், பாகத்தின் உடம்பில் எழுதியிருப்பதைக் கேளுங்கள்: செய்தவர் பெயர், மாதிரி எண், வோல்ட், ஹேர்ட்ஸ், வாட். போட்டோ ஒன்றும், பக்கத்தில் அளவுகோலும்.

சுவிஸிலோ லண்டனிலோ சொந்தக்காரர் இருந்தால் கேஸ்கட்டும் ஓ வளையமும் சொலினொய்ட் சுருளும் பெட்டிக்குள் ஒரு மூலையில் வந்துவிடும். பல வீடுகளுக்கு இதுதான் உண்மையான முகவர். கனடாவிலிருந்து மாமா மெசினையே கொண்டுவருவதென்றால் கொஞ்சம் பொறுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்போமர் வோல்ட்டை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. அதிர்வுப் பம்ப் அந்தத் துடிப்பில்தான் ஓடுகிறது, இங்கே அதன் வேகம் குறையும்.

பழைய ஹோட்டல் மெசின் ஒன்றை ஏலத்தில் எடுக்க நினைப்பவர்கள் வாட்டையும் பாருங்கள். 13 அம்பியர் பிளக் தாங்குவது ஏறத்தாழ 3000 வாட். இரண்டு குரூப் மெசின் பெரும்பாலும் அதைத் தாண்டும். அதற்குத் தனி வயரும் தனி பிரேக்கரும் வேண்டும். இல்லாவிட்டால் பிளக் உருகும்.

ஊரில் முடிவது, முடியாதது

ரப்பர்க் குழாய், பித்தளை நிப்பிள், வயர் முனை, கப்பாசிற்றர் எல்லாம் கல்முனையிலும் மட்டக்களப்பு நகரத்திலும் தேடினால் கிடைக்கும். சுழல் பம்ப் மோட்டாரைச் சுற்றித்தர வைண்டிங் கடைகள் போதும். பித்தளைத் துண்டு ஒன்றைக் கடைந்து தர லேத் பட்டறை போதும். ஆனால் உணவு படும் இடத்துக்கு வாகனக் கிறீசும், தண்ணீர்ப் பம்புக்கு வெட்டிய கறுப்பு ரப்பரும் வேண்டாம். உணவுக்குரிய சிலிக்கன் கிறீஸ் ஒரு சின்னக் குழாய் வாங்கினால் இரண்டு வருடம் வரும்.

சீசனுக்கு முன் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைக்க வேண்டியவை:

1. குரூப் கேஸ்கட் இரண்டு, குரூப்பின் சல்லடைத் தகடு ஒன்று.
2. ஆவிக் குழாய்க்கு ஓ வளையங்கள் ஒரு சோடி.
3. சொலினொய்ட் சுருள் ஒன்று, 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்.
4. அதிர்வுப் பம்ப் மெசின் என்றால் பம்ப் ஒன்று.
5. வெற்றிட வால்வு ஒன்று. பொயிலர் சூடாகும்போது காற்றை வெளியே விட்டுப் பிறகு மூடிக்கொள்ளும் குட்டி வால்வு அது. அடிக்கடி கசியும், விலையும் அதிகமில்லை.

பாதுகாப்பு வால்வை மட்டும் டின்னில் போட்டு வைத்துத் தோதானதைப் பூட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். பொயிலர் அழுத்தம் எல்லை தாண்டினால் தானாகத் திறப்பதற்காக, பெரும்பாலும் 1.8 பார் அளவில் அமைத்து முத்திரை இட்டு வருவது அது. கசிகிறதென்று அதை இறுக்கியோ, ஆணி வைத்து அடைத்தோ ஓட்டினால், அடுத்து அழுத்தக் கட்டுப்பாடு ஒட்டிக்கொள்ளும் நாளில் பொயிலருக்கு வேறு வாசல் கிடையாது. அந்த ஒரு சாமானுக்கு மட்டும், எத்தனை நாள் சுணங்கினாலும், கடை மூடிக் கிடந்தாலும், சரியான எண் பொறித்ததே வர வேண்டும்.